புளியங்கொட்டை எந்தக் குழியில் நிற்கும்? முடியும் தசமங்களும் சுழலும் தசமங்களும்

காரிமங்கலத்தில் நான் டியூஷன் எடுக்கும் வீட்டுத் திண்ணையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒன்றை ஏழால் வகுக்கச் சொல்லியிருந்தேன். வகுத்தல் பக்கத்தின் அடிவரை படிப்படியாக இறங்கி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, மறுபக்கத்துக்கும் போயிருந்தது.

"சார், இது நிக்கவே மாட்டேங்குது. எங்க நிறுத்தணும் சார்?"

அதற்கு முந்தைய கணக்கு 1/8. அது மூன்றே படியில் 0.125 என்று முடிந்துவிட்டது. எட்டு பெரிய எண், ஏழு சின்ன எண். பெரிய எண்ணால் வகுத்தால் சட்டென்று முடிகிறது, சின்ன எண்ணால் வகுத்தால் முடியவே மாட்டேன் என்கிறது. அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை.

பாடத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. பின்னத்தைச் சுருக்கிய பிறகு, பகுதியில், அதாவது கீழே இருக்கும் எண்ணில், உள்ள பகாக் காரணிகள் 2, 5 மட்டும் என்றால் அது முடிவுறு தசமம். வேறு எந்தப் பகா எண் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முடிவுறாச் சுழல் தசமம். பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 'வகுத்துப் பார்க்காமல் கூறுக' என்ற கேள்விக்கு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஏன் 2, ஏன் 5, மூன்று என்ன பாவம் செய்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. விதியை விட அதன் காரணம் பல மடங்கு அழகானது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணிதமும் வேண்டாம், ஒரு பல்லாங்குழி போதும்.

அந்த வீட்டில் பாட்டியின் மரப் பல்லாங்குழி இருந்தது. ஒரு வரிசைக்கு ஏழு குழி. ஏழால் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகளும் ஏழுதான்: 0, 1, 2, 3, 4, 5, 6. குழிகளுக்குச் சாக்பீஸால் அந்த எண்களை எழுதினோம். புளிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா, ஒரு புளியங்கொட்டையை எடுத்து 1 என்ற குழியில் போட்டோம்.

இப்போது வகுத்தலைப் பாருங்கள். மீதி 1, பக்கத்தில் ஒரு சைபரை இறக்கினால் 10. அதில் ஏழு ஒரு தடவை போகும், மீதி 3. கொட்டை 3ஆம் குழிக்குப் போகிறது, விடையில் 1 விழுகிறது. அடுத்து 30. நாலு தடவை, மீதி 2. கொட்டை 2ஆம் குழிக்கு, விடையில் 4. அப்புறம் 20, விடையில் 2, மீதி 6. பிறகு 60, விடையில் 8, மீதி 4. பிறகு 40, விடையில் 5, மீதி 5. பிறகு 50, விடையில் 7, மீதி 1.

கொட்டை புறப்பட்ட குழிக்கே வந்துவிட்டது. இனி என்ன நடக்கும்? மீதி 1 என்றால் அடுத்தது 10தான், 10 என்றால் அடுத்து 3ஆம் குழிதான். ஏற்கெனவே போன வழியிலேயே மறுபடி போயாக வேண்டும். ஆகவே 0.142857 142857 142857… என்று காலத்துக்கும் ஓடும்.

அவள் கேட்ட கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. கொட்டை 0 குழியில் விழுந்தால் வகுத்தல் முடிந்தது. விழாவிட்டால் அது சுற்றி வர மிச்சம் இருப்பது ஆறே குழி. ஆறு குழியையும் பார்த்த பிறகு அடுத்த நடையில் பார்த்த குழிக்கே வந்துதான் ஆக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. ஏழுக்கு மட்டும் என்றில்லை, எந்த முழு எண்ணால் வகுத்தாலும் இதே கதைதான். 23ஆல் வகுத்தால் 22 குழி, 97ஆல் வகுத்தால் 96 குழி. குழிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகவே பின்னமாக எழுத முடிகிற எந்த எண்ணும் ஒன்று முடியும், இல்லையென்றால் சுழலும். மூன்றாவது வழி அதற்குக் கிடையாது. மீதி திரும்பி வந்த இடத்தில் பேனாவை வைத்துவிடலாம். அதற்கு மேல் வகுப்பது புதிதாக எதையும் தராது.

இன்னொன்றையும் பல்லாங்குழி காட்டிக்கொடுத்தது. 2/7 என்றால் கொட்டையை 2ஆம் குழியில் இருந்து கிளப்ப வேண்டும், அவ்வளவுதான். வட்டம் அதேதான். 0.285714… என்று வரும். 3/7 என்றால் 0.428571…. அதே ஆறு இலக்கம், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. 142857ஐ இரண்டால், மூன்றால் பெருக்கினால் இலக்கங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று வியப்பாகச் சொல்வார்களே, அதற்குக் காரணம் இந்த ஒற்றை வட்டம்தான்.

சரி, எட்டு ஏன் முடிந்தது? மீதி 1, 10 என்றால் மீதி 2. 20 என்றால் மீதி 4. 40 என்றால் மீதி 0. கொட்டை மூன்று நடையில் சைபர் குழிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு முறை சைபரை இறக்கும்போதும் நாம் உண்மையில் பத்தால் பெருக்குகிறோம். பத்து என்பது ஒரு இரண்டும் ஒரு ஐந்தும் சேர்ந்தது. எட்டுக்குத் தேவை மூன்று இரண்டுகள். மூன்று சைபர் இறக்கினால் மூன்று இரண்டுகள் கிடைத்துவிடுகின்றன, 1000ஐ எட்டு மிச்சமில்லாமல் வகுத்துவிடுகிறது. 20 என்றால் இரண்டு இரண்டும் ஒரு ஐந்தும் வேண்டும். இரண்டு சைபரில் வேலை முடிந்துவிடும். 1/20 என்பது 0.05.

மூன்றுக்கு என்ன செய்ய? பத்து சைபர் இறக்கினாலும் சரி, பத்தாயிரம் இறக்கினாலும் சரி, உள்ளே வருவது இரண்டும் ஐந்தும்தான். ஒரு மூன்றுகூட வராது. ஆகவே 1/3 முடியாது. 7, 11, 13 எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். விதி முழுவதும் இவ்வளவுதான். முதலில் பின்னத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். 3/12இல் பகுதியில் ஒரு மூன்று தெரிகிறது, ஆனால் மேலே இருக்கும் மூன்று அதை அடித்துவிடும். மிஞ்சுவது 1/4, அதாவது 0.25.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. 1/6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 10ஐ ஆறால் வகுத்தால் 1, மீதி 4. 40ஐ வகுத்தால் 6, மீதி மறுபடி 4. கொட்டை 4ஆம் குழியிலேயே குதித்துக்கொண்டிருக்கிறது, புறப்பட்ட 1ஆம் குழிக்குத் திரும்புவதே இல்லை. அதனால் 0.1666… என்று முன்னால் ஒரு இலக்கம் தனியாக நின்றுவிட்டு அப்புறம் ஆறு சுழல்கிறது. ஆறில் இருக்கும் இரண்டு அந்த ஒரு இலக்கத்தைக் கொடுத்தது, மூன்று சுழற்சியைக் கொடுத்தது. 1/12இல் இரண்டு இரண்டுகள், ஆகவே 0.08333… என்று இரண்டு இலக்கம் தள்ளிச் சுழல்கிறது.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் தினமும் இந்தக் கணக்கு ஓடுகிறது. 15 கிலோ பெட்டி ஒன்று 400 ரூபாய்க்குப் போனால் கிலோ 26.6666… ரூபாய். அதே விலைக்கு 16 கிலோ பெட்டி என்றால் கிலோ சரியாக 25. பெட்டி 410 ரூபாய்க்குப் போனாலும் 16 கிலோவுக்குக் கணக்கு முடிந்துவிடும், 25.625. பதினாறு முழுக்க இரண்டுகளால் ஆனது. பதினைந்தில் ஒரு மூன்று ஒளிந்திருக்கிறது. தரகரிடம் கேட்டால் இருபத்தாறே முக்கால் என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார், வியாபாரத்துக்கு அது போதும்.

'முக்கால்' என்று சொன்னதும் நம்முடைய பழைய பின்னங்கள் நினைவுக்கு வருகின்றன. எண்சுவடியில் மனப்பாடம் செய்த வரிசை: அரை, கால், அரைக்கால் என்ற 1/8, மாகாணி அல்லது வீசம் என்ற 1/16, மா என்ற 1/20, அரைமா என்ற 1/40, காணி என்ற 1/80, அரைக்காணி என்ற 1/160, முந்திரி என்ற 1/320. இவற்றின் பகுதிகளைக் காரணிப்படுத்திப் பாருங்கள். 16 என்றால் நான்கு இரண்டுகள். 80 என்றால் நான்கு இரண்டுகளும் ஒரு ஐந்தும். 320 என்றால் ஆறு இரண்டுகளும் ஒரு ஐந்தும். எல்லாமே இரண்டும் ஐந்தும்! தசமப் புள்ளி வைத்து எழுதினால் மாகாணி 0.0625, மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. ஒன்றுவிடாமல் எல்லாம் முடிகின்றன. இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உழக்கு படியில் கால், ஆழாக்கு அரைக்கால். தானியம் அளந்தவர்கள் பாதி, பாதியில் பாதி என்று போனார்கள், நிலக்கணக்குக்கு இருபதில் ஒன்றான மாவைப் பிடித்தார்கள். அந்த வரிசையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தனிப் பெயர் கிடையாது. இன்றைக்கும் அதை 'மூணுல ஒண்ணு' என்று விரித்துத்தான் சொல்கிறோம்.

அதே ஊரில் காசுக்கு வேறு கணக்கு இருந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. பன்னிரண்டுக்குள் ஒரு மூன்று இருப்பதால் ஒரு ரூபாயை மூன்று பேர் மிச்சமில்லாமல் பிரித்துக்கொள்ளலாம்: தலைக்கு 64 பை, அதாவது 5 அணா 4 பை. 1957 ஏப்ரல் 1இல் ரூபாய் 100 நயா பைசா ஆனது. கணக்கு எழுதுவது எளிதானது, ஆனால் மூன்று பங்குக்கு இருந்த வசதி போய்விட்டது. 33, 33 என்று இருவருக்குக் கொடுத்தால் மூன்றாமவருக்கு 34. ஒரே ரூபாய், ஒரே மூன்று பேர். அணா-பையில் முடிந்த பங்கு பைசாவில் முடியவில்லை.

நிலத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு ஏக்கரை மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்தால் தலைக்கு 33.3333… சென்ட். பத்திரத்தில் 33⅓ சென்ட் என்று பின்னமாகவே எழுதினால்தான் சரியாக இருக்கும், 33.33 என்று எழுதினால் மூன்று பங்கையும் கூட்டும்போது 99.99தான் வரும், நூறில் ஒரு சென்ட் காணாமல் போகும். நான்கு சதுர அடிக்கு மேல் இருக்கும் அது. ஆனால் அதே ஏக்கரைச் சதுர அடியில் சொல்லிப் பாருங்கள்: 43,560. அதை மூன்றால் வகுத்தால் 14,520, துளி மிச்சமில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு 20 நிமிடம் என்று யோசிக்காமல் சொல்கிறோம், அதுவும் அப்படித்தான். அறுபதுக்குள் மூன்று இருக்கிறது.

ஆக, சுழல்வது 1/3 என்ற எண்ணுக்குள் இருக்கிற குறை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றில் ஒன்று என்பது அரை மாதிரியே துல்லியமான, முழுமையான ஓர் அளவு. நாம் பத்து பத்தாகப் பிரித்து எழுதுகிறோம், பத்துக்குள் மூன்று இல்லை, அதனால் அந்த அளவை எழுத முடியாமல் இலக்கங்கள் ஓடுகின்றன. பிள்ளைகள் பலர் 0.333… என்பதை ஏதோ மங்கலான, தோராயமான எண் என்று நினைத்துக்கொண்டே பள்ளியை முடித்துவிடுகிறார்கள். 0.33 தோராயம். 0.333… தோராயம் இல்லை.

இதிலிருந்துதான் அடுத்த சண்டை வரும். 0.333…ஐ மூன்றால் பெருக்கினால் 0.999…. ஆனால் 1/3ஐ மூன்றால் பெருக்கினால் 1. அப்படியென்றால் 0.999… என்பதும் 1தானா? வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "கொஞ்சூண்டு குறையும் சார்" என்பார்கள். கடைக் கால்குலேட்டரை வேறு சாட்சிக்கு இழுப்பார்கள்: பல கால்குலேட்டர்களில் 1ஐ 3ஆல் வகுத்து, மறுபடி 3ஆல் பெருக்கினால் 0.9999999 என்றுதான் காட்டும். அந்தக் கருவிக்கு இடம் குறைவு, அது பாதியில் வெட்டிவிட்டது. வெட்டிய எண் நிஜமாகவே ஒன்றை விடக் குறைவுதான். வெட்டாமல் ஓடுகிற ஒன்பதுகளின் கதை வேறு. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: குறைகிறது என்றால் எவ்வளவு குறைகிறது? ஒரு முந்திரி அளவா? முந்திரி 0.003125. மூன்று ஒன்பது போட்டாலே ஒன்றுக்கு இருக்கும் தூரம் 0.001, முந்திரியை விடக் குறைந்துவிட்டது. கீழ்முந்திரி அளவா? அது முந்திரியில் 320இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.0000098. ஆறு ஒன்பது போட்டால் அதையும் தாண்டிவிடுவோம். நீங்கள் எவ்வளவு சின்ன அளவைச் சொன்னாலும் ஒன்பதுகள் அதைத் தாண்டிப் போய்விடும். சொல்லவே முடியாத இடைவெளி என்றால் இடைவெளி இல்லை என்றுதான் பொருள். 1, 0.999… இரண்டும் ஒரே எண்ணை எழுதும் இரண்டு விதங்கள்.

சுழல் தசமத்தைப் பின்னமாகத் திருப்புவதும் இதே ஒன்பதுகளின் வேலைதான். 0.363636… என்று ஓர் எண். அதன் நூறு மடங்கு 36.363636…. நூறு மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் வால்கள் இரண்டும் அடிபட்டு, 99 மடங்கு என்பது 36 என்று நிற்கும். ஆக அந்த எண் 36/99, சுருக்கினால் 4/11. சுழலும் கட்டம் இரண்டு இலக்கம் என்றால் கீழே இரண்டு ஒன்பது, ஆறு இலக்கம் என்றால் ஆறு ஒன்பது. 142857ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள், 999999 வரும்.

இந்த இடத்தில் வட்டத்தின் பை (π) மதிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகமாகக் குழம்புவது இங்கேதான். கணக்குகளில் 22/7 என்று போட்டுப் போட்டு, பையும் சுழல் தசமம் என்றே நம்பிவிடுகிறார்கள். 22/7 என்பது 3.142857142857…, நம் பழைய ஏழின் வட்டமேதான். பை 3.14159265… என்று போகிறது. மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பையை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது என்று கணித அறிஞர் யோகான் லாம்பெர்ட் 1761இல் நிறுவினார். பின்னமாக எழுத முடியாத எண்ணுக்குப் பல்லாங்குழி கிடையாது. குழி இல்லாததால் திரும்பி வர இடமும் இல்லை. அது முடியாது, சுழலவும் சுழலாது. விகிதமுறா எண் என்பது அதைத்தான்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். அது இரண்டை அடிமானமாக வைத்து, அதாவது பத்துக்குப் பதில் இரண்டு இரண்டாகப் பிரித்து எழுதுகிறது. இரண்டுக்குள் ஐந்து இல்லை. ஆகவே நமக்கு 0.1 என்று ஒரே இலக்கத்தில் முடிகிற பத்தில் ஒன்று, கம்ப்யூட்டருக்கு 0.000110011001100… என்று சுழல் எண்ணாகிவிடுகிறது. அது எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஹோசூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலரும் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்திருப்பார்கள். பணத்தைக் கணக்கிடும் நிரல்களில் ரூபாயைத் தசமமாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைப்பது இதனால்தான்.

இந்த வெட்டு உயிரையும் வாங்கியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி என்ற அளவில் எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்று இரும எண்ணில் 24 இடங்களுக்குள் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் விட்டுப்போனது மிக மிகச் சின்னத் துளி. ஆனால் அமைப்பு 100 மணி நேரமாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. துளிகள் சேர்ந்து 0.34 விநாடிப் பிழையாகிவிட்டன. ஸ்கட் வரும் வேகத்துக்கு அது அரைக் கிலோமீட்டருக்கு மேல். 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். முடியாத எண்ணை முடிந்ததுபோல எழுதும்போது எவ்வளவு விட்டுப்போகிறது, அது எத்தனை முறை சேரும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பல்லாங்குழியிடமே திரும்புகிறேன், அங்கே இன்னும் விடை தெரியாத ஒன்று இருக்கிறது. ஏழில் கொட்டை ஆறு குழிகளையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. எல்லாப் பகா எண்ணும் அப்படி இல்லை. 11இல் பத்துக் குழி இருந்தும் கொட்டை இரண்டே குழியில் திரும்பிவிடும், 0.0909…. 37இல் மூன்றே நடை, 0.027027…. நூறுக்குள் 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97 என்ற ஒன்பது எண்கள் மட்டும் எல்லாக் குழியையும் தொட்டுவிட்டு வருகின்றன. இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா? 'ஆம்' என்று தோன்றுகிறது. 1927இல் கணித அறிஞர் எமில் ஆர்ட்டின் முன்வைத்த ஊகத்திலிருந்து அது கிடைத்துவிடும். ஆனால் இன்றுவரை யாரும் அதை முழுமையாக நிறுவவில்லை. ஒன்பதாம் வகுப்பு வகுத்தலிலிருந்து பத்து நிமிட நடையில் இப்படி ஒரு கேள்வி நிற்கிறது என்பதை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை.

அந்தப் பிள்ளைக்கு 13ஐக் கொடுத்தனுப்பினேன். பல்லாங்குழியின் ஒரு வரிசைக் குழி போதாது என்று மறுநாள் அவள் தன் வீட்டு வாசலில் சாணி மெழுகின இடத்தில் பன்னிரண்டு வட்டம் போட்டு வைத்திருந்தாள். 1இல் போட்ட புளியங்கொட்டை 10, 9, 12, 3, 4 என்று போய் ஆறு நடையில் திரும்பிவிட்டது. மீதி ஆறு வட்டம் காலியாகவே கிடந்தது. அவற்றை எப்படித் தொடுவது என்று யோசித்து, 2/13ஐ வகுத்துப் பார்த்திருக்கிறாள். 2, 7, 5, 11, 6, 8 என்று அது தனியாக ஒரு வட்டம். முதல் வட்டத்தில் புளியங்கொட்டையும் இரண்டாவதில் குன்றிமணியும் வைத்துவிட்டு, நான் வரும்வரை யாரையும் வாசலில் கால் வைக்க விடவில்லையாம். 21க்கு எத்தனை வட்டம் வரும் சார் என்று கேட்டாள். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.